பிக் லைன் அடம்பிடித்தால்: ஐ.சி.யு. கட்டிலருகே அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

கொழும்பு வைத்தியசாலைகளின் ஐ.சி.யு.க்களில் வேலை செய்யும் தாதியருக்கும், புதிதாக வந்து சேரும் எச்.ஓ.க்களுக்கும் (இளம் வைத்தியர்கள்) இதை எழுதுகிறேன். மேற்கையின் உட்பக்கத்தில், பெரும்பாலும் பசிலிக் நாளத்தின் வழியாக ஏற்றி, இதயத்தின் வாசலருகே நுனி நிற்கும்படி வைத்த பிக் லைன் என்ற நீண்ட மெல்லிய குழாய் நள்ளிரவில் குழப்பம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது, யாரை எழுப்புவது என்பதுதான் விஷயம். பிக் லைன் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் இதில் இல்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். பம்பிலிருந்து தோல் வரைக்கும் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் போர்வைக்குக் கீழே இருக்கும் மடிப்பு தெரியாது. அடுத்து, தோலுக்கு வெளியே எத்தனை செ.மீ. இருக்கிறது என்று அளந்து, லைன் போட்ட அன்று பி.எச்.டி.யில் (கட்டிலோடு இருக்கும் நோயாளியின் குறிப்பேடு) எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். அந்த அளவு எழுதப்படாமல் இருந்தால் இப்போதாவது எழுதிவிடுங்கள். குழப்பங்களில் பெரும்பகுதி தோலுக்கு வெளியேதான் இருக்கும். மருந்து, எக்ஸ்ரே, புது லைன் எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னும் இரண்டு. 10 மி.லீ.யை விடச் சின்ன சிரிஞ்சால் பிக் லைனைத் தள்ளக்கூடாது. சிரிஞ்ச் சின்னதானால் அழுத்தம் கூடும், குழாய் உள்ளேயே வெடிக்கலாம். நோரட்ரினலின் (குருதி அமுக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து) போகும் லூமனை, அதாவது லைனுக்குள் இருக்கும் அந்தத் தனி வழியை, எந்தக் காரணத்துக்காகவும் ஃப்ளஷ் பண்ணக்கூடாது, சிரிஞ்சால் திரவம் தள்ளிக் கழுவக்கூடாது. குழாய்க்குள் நிற்கும் மருந்து ஒரே தள்ளலில் உள்ளே போனால் குருதி அமுக்கம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த லூமனில் குழப்பம் என்றால் முதலில் நோரட்ரினலினை வேறு லூமனுக்கோ வேறு லைனுக்கோ மாற்றும் ஏற்பாடு, பிறகுதான் மற்றது.

## பம்ப் அடைப்பு என்று கத்துகிறது, உள்ளே எதுவும் போகவில்லை

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். கிளாம்ப் மூடியிருக்கிறதா? மூவழித் தப்பின் (மூன்று குழாய்களை இணைத்து, திருப்பித் திறந்து மூடும் சின்னத் திருகு) கைப்பிடி பிழையான பக்கம் பார்க்கிறதா? அந்தக் கையில் யாராவது பி.பி. கஃப் கட்டியிருக்கிறார்களா? கட்டியிருந்தால் கழற்றி மற்றக் கைக்கு மாற்றி, கட்டில் தலைமாட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் ஊரில் அதை மூன்று மொழியிலும் எழுதினால்தான் அடுத்த டியூட்டியில் அந்தக் கஃப் திரும்ப வராது. நோயாளியைப் புரட்டிய பிறகு தொடங்கிய அலாரம் என்றால் கை உடம்புக்குக் கீழே மாட்டியிருக்கும். குப்புறப் படுக்கவைத்த நோயாளியில் இதை முதலிலேயே சந்தேகியுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் டிரெஸ்ஸிங்குக்குக் கீழே பாருங்கள். குழாய் தோலிலிருந்து வெளியே வரும் இடத்தில் கூர்மையாக மடிந்திருக்கும், அல்லது பிடிப்பான் குழாயை நெரித்துக்கொண்டிருக்கும். டிரெஸ்ஸிங்கைச் சுத்தமான முறையில் பிரித்து, மென்மையான வளைவாகத் திரும்ப வையுங்கள்.

அப்புறம் ஊசியில்லாக் கனெக்டர், லைனின் வாயில் பொருத்தும் மூடி. கன பேர் மறப்பது இதைத்தான். குருதி எடுத்த பிறகு சரியாகக் கழுவாத கனெக்டருக்குள் உறைந்த குருதி நிற்கும், லைன் சுத்தமாகவே இருக்கும். கிளாம்பை மூடி, கனெக்டரைக் கழற்றி, லைனின் வாயை அற்ககோல் துணியால் 15 செக்கன் தேய்த்துக் காயவிட்டு, புதுக் கனெக்டரைப் போடுங்கள். பிறகு 10 மி.லீ. சிரிஞ்சில் சேலைன் எடுத்து மெதுவாக முயலுங்கள். போய்விட்டதா? தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்திக் கழுவி, கடைசியில் சிரிஞ்சில் இன்னும் கொஞ்சம் சேலைன் மிச்சமிருக்கும்போதே கிளாம்பை மூடுங்கள். குருதி எடுத்த பிறகும், நாளம் வழி ஊட்டம் நிறுத்திய பிறகும் 20 மி.லீ. போக வேண்டும். சாதாரண நேரத்தில் 10 போதும்.

போகவில்லையா? அத்தோடு கையை எடுங்கள். தடை தெரிந்த பிறகு கொடுக்கும் ஒவ்வொரு தள்ளலும் ஒன்றில் உறைவை உள்ளே அனுப்பும், இல்லாவிட்டால் குழாயைக் கிழிக்கும்.

இப்போது ஒரு கேள்வி: அடைத்தது மெதுவாகவா, சட்டென்றா? பல மணி நேரமாக ஓட்டம் குறைந்துகொண்டே வந்திருந்தால் குருதி உறைவு. ஒரு மருந்து கொடுத்தவுடனே அடைத்தால் அது படிவு. ஃபெனிட்டோயினை டெக்ஸ்ட்ரோஸோடு சேர்த்தால், மிடசோலம் ஓடும் லூமனில் பென்டோப்ரசோலோ ஃபுரோசமைடோ போட்டால், செஃப்ட்ரியாக்சோனும் ஹார்ட்மன் திரவமும் ஒன்றாகப் போனால் குழாய்க்குள் வெள்ளையாகத் திரளும். மருந்து அட்டையைப் பார்த்தால் கடைசியாக எது போனது என்று தெரிந்துவிடும். வைத்தியரிடம் சொல்லும்போது அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். காரத் தன்மையுள்ள மருந்துக்கு 8.4 சதவீத சோடியம் பைகார்பனேற், அமிலத் தன்மையுள்ளதற்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று கரைக்கும் திரவம் மாறும். அதைத் தீர்மானிப்பது வைத்தியரும் மருந்தாளரும்.

உறைவு என்றால் அதைக் கரைக்கும் அல்டிப்ளேஸ், 2 மி.லீ.யில் 2 மி.கி. வைத்தியரின் எழுத்து மூல உத்தரவோடு மட்டும். மூளைக் குருதிக்கசிவு, புதிய சத்திரசிகிச்சை உள்ள நோயாளி என்றால் உத்தரவு வந்த பிறகும் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். முழுதாக அடைத்த லூமனுக்குள் மருந்தை எப்படி அனுப்புவது? மூவழித் தப்பைப் பொருத்துங்கள். ஒரு வாயில் வெறும் 10 மி.லீ. சிரிஞ்ச், மற்ற வாயில் மருந்து. வெறும் சிரிஞ்சின் பக்கம் திறந்து, பிஸ்டனை 8 அல்லது 9 மி.லீ. வரை இழுத்துப் பிடித்தபடியே தப்பை மருந்துப் பக்கம் திருப்புங்கள். உள்ளே உண்டான வெற்றிடம் மருந்தைத் தானாக உறிஞ்சும். விரலில் ஒரு சின்ன இழுப்புத் தெரியும். 30 நிமிடத்தில் குருதி வருகிறதா பாருங்கள், வராவிட்டால் 120 நிமிடம் வரை விடுங்கள். அப்போதும் இல்லையென்றால் ஒரேயொரு தடவை திரும்பச் செய்யலாம். திறந்தவுடன் 4, 5 மி.லீ. குருதியை இழுத்து வீசிவிட்டுத்தான் ஃப்ளஷ். 2 மி.கி.க்காகப் பெரிய குப்பியை உடைக்க வேண்டிய நிலை என்றால், இந்த லைன் இன்னும் எத்தனை நாளுக்குத் தேவை என்று உடைக்க முன்னரே கேளுங்கள். நாளையே கழற்றப்போகும் லைனுக்கு அந்தச் செலவு வீண்.

இரண்டாம் தடவையும் தோற்றால் வேறு லைன். அந்த லூமனில் "அடைத்தது" என்று எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையில் வேறு யாரோ அதைத் தள்ளிப் பார்ப்பார்.

## உள்ளே போகிறது, குருதி திரும்பி வரவில்லை

"போகுதுதானே, விடுங்கோ" என்று சொல்லிக் கடந்து போவார்கள். எனக்குப் பிடிக்காத வாக்கியம் அது. உள்ளே போகிறது என்பதால் அது சரியான இடத்துக்குத்தான் போகிறது என்று ஆகாது.

கையை உடலிலிருந்து விலக்கி வைத்துப் பாருங்கள். தலையை மற்றப் பக்கம் திருப்புங்கள். விழித்திருக்கும் நோயாளி என்றால் இருமச் சொல்லுங்கள், மயக்கத்தில் இருப்பவர் என்றால் கட்டிலின் கோணத்தை மாற்றுங்கள். சிரிஞ்சை வேகமாக இழுத்தால் நுனி நாளச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 1 மி.லீ. இழுத்து, பொறுத்து, அப்புறம் மிச்சம். நிலை மாறியதும் குருதி வந்தால், எந்த நிலையில் வந்தது என்று எழுதி வையுங்கள்.

எந்த நிலையிலும் வராவிட்டால் வெளி நீளத்தைத் திரும்ப அளந்து பாருங்கள். நீளம் மாறியிருந்தால் நுனி இடம் மாறியிருக்கிறது. மாறாவிட்டால் பெரும்பாலும் நுனியில் ஃபைப்ரின் (குருதி உறையும்போது உண்டாகும் நார்) வால் போலத் தொங்கி, இழுக்கும்போது வாயை மூடுகிறது. இரண்டுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும். எக்ஸ்ரே பார்க்கும் வரை நோரட்ரினலின், நாளம் வழி ஊட்டம், திசுவை எரிக்கும் மருந்து எதுவும் அதில் போகக்கூடாது. நுனி சரியான இடத்தில் இருந்தால் மேலே சொன்ன அல்டிப்ளேஸ் இதற்கும் வேலை செய்யும்.

## லைன் உள்ள கை வீங்குகிறது

முதலில் மற்றக் கையைப் பாருங்கள். ஐ.சி.யு.வில் உடம்பு முழுவதும் நீர் கோத்த நோயாளி சாதாரணம், இரண்டு கையும் ஒரே மாதிரி ஊதியிருந்தால் கதை வேறு. கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததா? தலையணை மேல் உயர்த்தி வைத்துவிட்டு, சில மணி நேரத்தில் திரும்பப் பாருங்கள்.

ஒரு கை மட்டும் என்றால் டேப் எடுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலே சுற்றளவு. லைன் போட்ட அன்று எடுத்த அளவை விட 3 செ.மீ. கூடியிருந்தால் நாள உறைவு என்றே எண்ணி, அன்றைக்கே டொப்ளர் ஸ்கேனுக்கு (நாளத்தில் குருதி ஓடுவதைப் பார்க்கும் ஸ்கேன்) சொல்ல வேண்டும். வலி, தோளிலும் நெஞ்சிலும் புதிதாகப் புடைத்த நாளங்கள், நிறமாற்றம் இருந்தால் அளவு எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். மயக்க நிலையில் உள்ளவர் வலி என்று சொல்லமாட்டார், அதனால் ஒவ்வொரு டியூட்டியிலும் டேப்.

லைன் போட்ட முதல் வாரத்தில், வீக்கமில்லாமல் நாளம் போகும் பாதையில் சிவந்து, தொட்டால் நோகும் கயிறு போலத் தெரிந்தால் அது பெரும்பாலும் குழாய் உராய்ந்து வந்த அழற்சி. சூடான ஒத்தடம், கையை உயர்த்துதல். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் இதற்கும் ஸ்கேன்.

உறைவு உறுதியானால் பதறி லைனை இழுத்துவிடாதீர்கள். லைன் தேவைப்படுகிறது, நன்றாக ஓடுகிறது, நுனி சரியான இடத்தில் இருக்கிறது, தொற்று இல்லை என்றால் அதை வைத்துக்கொண்டே உறைவெதிர் மருந்து தொடங்குவதுதான் வழக்கம். சிகிச்சை குறைந்தது 3 மாதம். கழற்றி உடனே மற்றக் கையில் புதிதாகப் போட்டால் அங்கேயும் உறையலாம். இந்த முடிவு குருதியியல் நிபுணரோடு கதைத்து எடுப்பது. மூச்சுத் திணறல், ஒக்சிசன் அளவு திடீரென இறக்கம் சேர்ந்தால் உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம், நிபுணரை எழுப்புங்கள்.

இந்த வீக்கத்தில் பல, லைன் போட முன்னரே தவிர்த்திருக்கக் கூடியது. குழாய் நாளத்தின் விட்டத்தில் 45 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. 5 பிரெஞ்ச் (குழாயின் தடிப்பைச் சொல்லும் அளவு) குழாய் கிட்டத்தட்ட 1.7 மி.மீ., அதற்கு 3.7 மி.மீ.யாவது நாளம் வேண்டும். 6 பிரெஞ்ச் மூன்று லூமனுக்கு 4.4 மி.மீ. "இருக்கட்டும், தேவைப்படும்" என்று போடும் மூன்றாவது லூமன் உறைவுக்கும் தொற்றுக்கும்தான் உதவும். 2015இல் வந்த மிச்சிகன் வழிகாட்டி, நிலை தளம்பும் ஐ.சி.யு. நோயாளிக்கு 14 நாள் வரை கழுத்திலோ தோள்பட்டையிலோ போடும் சாதாரண மத்திய லைனையே முன்வைக்கிறது. அதைவிட நீண்ட நாளுக்குத்தான் பிக் பொருந்தும்.

சிறுநீரகம் பழுதான நோயாளியின் கையில் பிக் லைன் போடலாமா என்பதையும் ஏற்றும் முன்னரே கேட்க வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் வீதம் (ஜி.எஃப்.ஆர்.) 45க்குக் கீழே என்றால் அந்தக் கை நாளம் நாளைக்கு டயலிசிஸ் பிஸ்டுலாவுக்கு (டயலிசிஸுக்காக நாளத்தையும் நாடியையும் இணைத்துச் செய்யும் வழி) தேவை. சிறுநீரக நோய் கூடுதலாக உள்ள மதவாச்சி, பதவிய பக்கமிருந்து அந்த நோயோடு வருபவர்களின் கையைப் பார்க்கும்போது இது ஞாபகம் வர வேண்டும். உறைந்து போன நாளம் திரும்பக் கிடைக்காது.

## காய்ச்சல் அடிக்கிறது

பிக் லைன் இருக்கும் நோயாளிக்குக் காய்ச்சல் என்றதும் லைனை இழுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. இழுத்த பிறகு காய்ச்சல் அப்படியே நிற்கும், நாளமும் போயிருக்கும்.

நெஞ்சு, சிறுநீர்க் கதீற்றர், கை கால் நாளத்தில் போட்ட பழைய கனூலாக்கள், படுக்கைப் புண், சத்திரசிகிச்சைக் காயம் எல்லாவற்றையும் பாருங்கள். மழைக்காலத்துக் கொழும்பில் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கினால் டெங்குவையும் கணக்கில் எடுங்கள். அப்புறம் லைன் வாசல்: சிவப்பு, சீழ், அழுத்தினால் நோவு. வாசல் சுத்தமாக இருப்பதால் லைன் சுத்தம் என்று ஆகாது.

லைனில் சந்தேகம் இருந்தால் இரட்டைக் கல்ச்சர் (குருதியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை). ஒன்று லைனிலிருந்து, ஒன்று மற்றக் கையில் புதிதாகக் குத்தி. இரண்டிலும் ஒரே அளவு குருதி, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், அன்டிபயோடிக் தொடங்கும் முன். போத்தலில் எது லைன், எது கை என்று நேரத்தோடு எழுதுங்கள். எழுதாவிட்டால் ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். லைன் போத்தல் கைப் போத்தலை விட 2 மணி நேரமோ அதற்கும் மேலோ முந்தி வளர்ந்தால் குற்றவாளி லைன். அந்த நேரங்களை ஆய்வுகூடத்திடம் கேட்டு வாங்குங்கள், சும்மா "வளர்ச்சி உண்டு" என்ற தாள் போதாது.

எப்போது உடனே கழற்றுவது? வேறு காரணம் தெரியாத தொற்று அதிர்ச்சியில் குருதி அமுக்கம் விழுந்துகொண்டிருந்தால், வாசலில் சீழ் இருந்தால், அல்லது கல்ச்சரில் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ், கண்டிடா, சூடோமோனாஸ் வந்தால். மற்ற ஸ்டஃபிலோகொக்கஸ் என்றால் சில வேளை லைனை வைத்தே வைத்தியம் பார்ப்பார்கள். அது நுண்ணுயிரியல் நிபுணரின் தீர்ப்பு.

## வாசலில் கசிவு, டிரெஸ்ஸிங் கழன்றுகொண்டே இருக்கிறது

முதல் நாள் கொஞ்சம் குருதி கசிவது சாதாரணம். கோஸ் வைத்து அழுத்துங்கள், 2 நாளுக்குள் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் கசிந்தால் பிளேட்லெட், ஹெபரின் அளவு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து ஓடும்போது மட்டும் தெளிந்த நீர் கசிந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள்: குழாய் எங்கோ கிழிந்திருக்கிறது, அல்லது ஃபைப்ரின் உறைக்குள் மருந்து திரும்பி வருகிறது.

ஒட்டும் டிரெஸ்ஸிங் 7 நாள் என்று புத்தகம் சொல்லும். எங்கள் புழுக்கத்தில், ஏ.சி. படுத்த நாளில், மூன்றாம் நாளே மூலை கிளம்பும். கிளம்பிய மூலைக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டுவது வேலையல்ல, முழுவதையும் மாற்றுங்கள். குளோர்ஹெக்சிடின் அற்ககோல் தடவி முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் அடுத்த முறை தோலும் சேர்ந்து வரும். வயதான நோயாளியில் பிரிக்கும்போது தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, குழாய் உள்ளே போகும் திசையிலேயே இழுங்கள்.

## வெளி நீளம் மாறிவிட்டது, காதில் சத்தம், இதயத் துடிப்பு தடுமாறுகிறது

நீளம் கூடியிருந்தால் லைன் வெளியே வந்திருக்கிறது. திரும்ப உள்ளே தள்ளக்கூடாது, தள்ளினால் தோலில் உள்ள கிருமியும் சேர்ந்து போகும். இருக்கும் இடத்திலேயே ஒட்டி, எக்ஸ்ரேக்குச் சொல்லி, நோரட்ரினலினையும் ஊட்டத்தையும் வேறு லைனுக்கு மாற்றுங்கள்.

நீளம் மாறாமலே நுனி இடம் மாறும். வென்டிலேட்டரிலிருந்து எழுந்த கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர், ஃப்ளஷ் பண்ணும்போதெல்லாம் "மிஸ், காதுக்குள்ள தண்ணி ஓடுற மாதிரிக் கிடக்கு" என்றார். அது மயக்க மருந்தின் பிதற்றல் அல்ல, நுனி கழுத்து நாளத்துக்குள் ஏறியிருந்தால் கேட்கும் சத்தம். எக்ஸ்ரேயில் நுனி மேல்நோக்கி நின்றது. நோயாளி தமிழில் சொல்வதை வைத்தியருக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அப்படியே சொல்லுங்கள், "அசௌகரியம்" என்று சுருக்காதீர்கள். பேச முடியாதவரில் இந்த அறிகுறியே கிடைக்காது. கடும் இருமல், வாந்தி, குப்புறப் புரட்டல் முடிந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தால் நுனியையும் ஒருமுறை பாருங்கள்.

மொனிட்டரில் புதிதாக அடிதவறிய துடிப்புகள் வந்தால் பொட்டாசியம், மக்னீசியம் பார்ப்பதோடு நுனி ஆழமாகப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். கையை உடலோடு சேர்க்கும்போது நுனி உள்ளே இறங்கும், அதனால் எக்ஸ்ரே எடுத்தபோது கை எப்படி இருந்தது என்பதும் முக்கியம். வெளியே இழுத்துச் சரிசெய்வது பயிற்சி பெற்ற வைத்தியர், கிருமியற்ற முறையில்.

## ஃப்ளூயிட் மெதுவாகப் போகிறது

பழுது இல்லை, லைனின் குணமே அது. நீளம், மெல்லியது. டெங்கு அதிர்ச்சியிலோ குருதிப் பெருக்கிலோ வேகமாகத் திரவம் ஏற்ற பிக் லைனை நம்பாதீர்கள், கையில் தடித்த 16 கேஜ் கனூலா ஒன்று போடுங்கள்.

## லைன் உடைந்தது, கழன்றது

உடைந்த இடத்துக்கும் தோலுக்கும் இடையில் குழாயை மடித்துப் பிடித்துக் கிளாம்ப் போடுங்கள். மூச்சுத் திணறலோ அமுக்க இறக்கமோ இருந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது: இடப்பக்கம் சரித்து, தலையைத் தாழ்த்தி, நூறு சதவீத ஒக்சிசன், உடனே வைத்தியர். துண்டு உள்ளே போய்விட்டதென்ற சந்தேகம் இருந்தால் கையை அசைக்காமல், அக்குளுக்கு அருகே டோர்னிகே (இறுக்கும் நாடா) கட்டுங்கள், ஆனால் மணிக்கட்டில் நாடி தெரிய வேண்டும். எக்ஸ்ரே, கதிரியக்கத் தலையீட்டுக் குழு. சீ.டி.க்குக் கொண்டு போகும்போது, உயர் அழுத்த ஊசிக்குத் தகுந்தது என்று குழாயிலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் அதில் கொன்ட்ராஸ்ட் (ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போடவிடுங்கள்.

## கழற்றும்போது வரவில்லை

நோயாளியைத் தட்டையாகப் படுக்கவைத்து, சில செ.மீ. சில செ.மீ.யாக இழுங்கள். இறுகினால் நிறுத்துங்கள். நாளம் சுருங்கிப் பிடித்திருக்கும். மேற்கையில் சூடான ஒத்தடம் வைத்து 20, 30 நிமிடம் பொறுத்துத் திரும்ப முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் டிரெஸ்ஸிங் போட்டு அடுத்த நாளுக்கு விடலாம், அவசரமில்லை. அடுத்த நாளும் அசையவில்லையென்றால் எக்ஸ்ரேயும் நிபுணரும். வந்த பிறகு முழு நீளத்தை அளந்து, போட்ட அன்று எழுதியதோடு ஒப்பிட்டு, நுனி முழுதாக வந்ததா என்று பார்த்து பி.எச்.டி.யில் எழுதுங்கள். வாசலைக் காற்றுப் புகாத டிரெஸ்ஸிங்கால் மூடி, அரை மணி நேரம் படுத்தே இருக்கட்டும்.